தேடிக் கிடைத்த சொல்லே செல்வம்!

(‘சொல் விளையாட்டுகளுக்குச் சொல் தேடித் தரும் கருவிகள் நம் அறிவை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘கெடுக்கின்றன’ என்ற அணியில் பேசியது.)

அன்பிற்கினிய நடுவர் அவர்களே! கையில செல்போனும் முகத்துல சிரிப்புமா உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! விளம்பர இடைவேளையில ரெண்டு தோசை வார்த்துட்டு, அடுப்பை அணைச்சோமா இல்லையாங்கிற சந்தேகத்தோட தொலைக்காட்சிக்கு முன்னால ஓடி வந்து உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசின எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டாங்க. “ஆங்கிலச் சொல் விளையாட்டைப் பத்திப் பேச தமிழ் வாத்தியாருக்கு என்ன தகுதி இருக்கு?” நியாயமான கேள்விதான். சைவச் சமையல்காரரைக் கூப்பிட்டு மீன்குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொன்ன மாதிரிதான் நானும் நிக்கிறேன். (சிரிப்பு) ஆனா அம்மா, எனக்கு ஒரு தகுதி இருக்கு. ஆங்கிலத்துல ஒரே ஒரு சொல் என்னை அழ வச்சிருக்கு. அந்தக் கதையைச் சொல்லிட்டே வழக்குக்குள்ள போறேன்.

1987-ஆம் வருஷம். கிராமத்துல தமிழ் வழியில பன்னிரண்டாவது முடிச்சிட்டு, தகரப்பெட்டியோட கல்லூரிக்குப் போனேன். எந்தக் கல்லூரின்னு கேட்காதீங்க. முதல் வாரம், ஆங்கில வகுப்பு. என்னை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னாங்க. நாலு வரி தட்டுத் தடுமாறி ஓட்டிட்டேன். அஞ்சாவது வரியில ஒரு சொல் வந்து மறிச்சுது. கியூ, யூ, ஈ, யூ, ஈ. எழுத்து நிக்குதே, அதுக்கு மரியாதை கொடுக்கணுமில்ல? அத்தனையையும் சேர்த்து “கியூவேவே”ன்னு வாசிச்சேன். (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க பாருங்க, அதே மாதிரிதான் அறுபது பேர் சிரிச்சாங்க. ஆசிரியரும் சிரிச்சாரு. “தமிழ் மீடியமா? உட்காரு”ன்னாரு. அன்னைக்கு உட்கார்ந்தவன், அந்த வகுப்புல அந்த வருஷம் முழுக்க வாயைத் திறக்கலை.

இப்ப நினைச்சா அந்தச் சொல்லே ஒரு ரேஷன் கடை வரிசைதான். முன்னால கியூ நிக்குது. பின்னால நாலு எழுத்து, வாயைத் திறக்காம, சும்மா வரிசையில நிக்குது. நானும் அந்த நாலு பேரோட அஞ்சாவது ஆளா நின்னேன். (கைதட்டல்)

என்னை அந்த வரிசையிலேர்ந்து வெளியில இழுத்தது ஒரு விளையாட்டு. விடுதியில என் அறைத் தோழன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துல கோடு கோடாப் போடுவான். ஒரு கோட்டுக்கு ஒரு எழுத்து. நான் எழுத்துச் சொல்லணும். தப்பாச் சொன்னா தூக்குமரத்துல ஒரு தலை வரைவான். அடுத்த தப்புக்கு உடம்பு. அப்புறம் ரெண்டு கை, ரெண்டு கால். ஆறு தப்பு பண்ணினா ஆள் காலி. நடுவர் அவர்களே, நான் மூணு மாசம் தினமும் தூக்குல தொங்கினேன். (சிரிப்பு)

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஷம் வந்துடுச்சு. ஆங்கில நாளிதழ் ஒண்ணை எடுத்து, ஒரு பத்தியில எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு பென்சிலால கோடு போட்டு எண்ணினேன். ஈ எழுத்து மொய்க்குது! பலகாரக் கடையில மொய்க்குமே, அப்படி. (சிரிப்பு) அடுத்து டி, ஏ, ஓ. கியூவும் இஸட்டும் தேடினாலும் கிடைக்கலை. மறுநாள் விளையாட்டுல முதல் கேள்வியே, “ஈ இருக்கா?” அன்னையிலேர்ந்து தூக்குமரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வந்தேன்.

ஏதோ நானே கண்டுபிடிச்ச ரகசியம்னு நினைச்சேன். பிறகுதான் தெரிஞ்சுது, எனக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலயே அமெரிக்காவுல ஒருத்தர் இதே வேலையைப் பண்ணியிருக்கார். ஆல்ஃபிரட் பட்ஸ் என்று பெயர். கட்டடக் கலைஞர். 1930-களில் அங்கே பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது வேலை போச்சு. வீடு கட்ட ஆள் இல்லை. சரி, சொல்லைக் கட்டுவோம்னு உட்கார்ந்தார். செய்தித்தாளை வச்சுக்கிட்டு எழுத்துகளை எண்ணினார். அந்தக் கணக்கிலேதான் ஸ்கிராபிள் விளையாட்டு பிறந்தது. மொத்தம் 100 வில்லை. ஈ எழுத்துக்கு 12 வில்லை, ஆனா மதிப்பு ஒரே ஒரு புள்ளி. கியூவும் இஸட்டும் ஒவ்வொண்ணுதான், மதிப்பு பத்துப் புள்ளி. எஸ் எழுத்தை நாலோட நிறுத்திட்டார். ஏன்? எல்லாச் சொல்லுக்கும் பின்னால ஒரு எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிட்டுப் போயிடுவோம்னு நம்மளப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு! (சிரிப்பு) 1948-ல ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதற்கு ஸ்கிராபிள்னு பெயர் வச்சுச் சந்தைக்குக் கொண்டு வந்தார்.

தந்திக்கு எழுத்து வகுத்தாங்களே, மோர்ஸ் குறியீடு, அதுலயும் இதே கணக்குத்தான். அடிக்கடி வருகிற ஈ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமா வருகிற கியூவுக்கு நாலு அடையாளம். சொல்லைத் தேடுறதுன்னா முதல்ல எழுத்தோட குணத்தைத் தெரிஞ்சுக்கிறதுய்யா. கருவியில எழுத்தைத் தட்டினா இந்தக் குணம் தெரியுமா? விடை தெரியும். குணம் தெரியாது. (கைதட்டல்)

கியூவோட குணத்தைச் சொல்றேன் கேளுங்க. அது தனியா எங்கேயும் போகாது. பக்கத்துல யூவைக் கூட்டிக்கிட்டுத்தான் போகும். புதுசாக் கல்யாணம் ஆன மாப்பிள்ளை மாதிரி. (சிரிப்பு) குவீன், குயிக், கொஸ்டின், எல்லாத்துலயும் கியூவுக்கு அடுத்து யூதான். அப்ப யூ இல்லாம கியூ மட்டும் கையில வந்து மாட்டிக்கிட்டா? அங்கேதான் சரித்திரம் திறக்குது. புர்கா, நிகாப், ஃபக்கீர், கவ்வாலி. இதெல்லாம் ஆங்கில அகராதியில கியூ போட்டே இருக்கு, யூ இல்லை. ஏன்னா இவை அரபு மொழியிலேர்ந்து வந்த சொற்கள். சீனத்திலேர்ந்து ‘சீ’ன்னு ஒரு சொல் வந்திருக்கு. கியூ, ஐ. ரெண்டே எழுத்து. உயிர்சக்தின்னு பொருள். ஸ்கிராபிள் ஆடுறவங்களுக்கு அது உண்மையிலேயே உயிர்சக்திதான், பத்துப் புள்ளி எழுத்தை இறக்கி வைக்கிற இடம்!

உயிரெழுத்தே கையில இல்லைன்னா? ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒண்ணும் இல்லை. அப்ப ஒய் எழுத்தைப் பாருங்க. ரிதம்னு ஒரு சொல், தாளம்னு அர்த்தம். ஆர், எச், ஒய், டி, எச், எம். அந்த அஞ்சு உயிர்ல ஒண்ணுகூட இல்லை, ஆனா சங்கீதமே அதுலதான் இருக்கு! (கைதட்டல்)

எதிரணியில ஒருத்தர் கேட்டாரு: “அகராதியைப் புரட்டினா அறிவு, செல்போனைத் தட்டினா திருட்டா?” ஐயா, அகராதி முதல் எழுத்தை வச்சு அடுக்கினது. நடுவுல இஸட் இருக்கிற சொல் வேணும், கடைசியில ஜி-எச்-டி வர்ற சொல் வேணும்னு சாதாரண அகராதிகிட்டக் கேட்டா அது முழிக்கும். அதைத் தேட நம்ம தலைக்குள்ளதான் போகணும். எப்படித் தேடுறது? பவணந்தி முனிவர் நன்னூல்ல பகுதி, விகுதின்னு பிரிக்கச் சொல்லிக் கொடுத்தார் இல்லையா, அதே வேலைதான். கையில ஏழு எழுத்து இருக்கா? ஐ-என்-ஜி இருந்தா தனியா எடுத்து ஓரமா வை, அது விகுதி. ஈ-ஆர், ஈ-டி இருந்தா அதையும் ஓரமா வை. ஆர்-ஈ இருந்தா முன்னால வை. மிச்சம் நாலஞ்சு எழுத்துத்தான் பகுதி. ஏழைத் தேடுற வேலை நாலைத் தேடுற வேலையாயிடுது. இதைத்தான் நான் வகுப்புல இத்தனை வருஷமாப் பகுபத உறுப்பிலக்கணம்னு நடத்துறேன். பசங்க தூங்குறாங்க. (சிரிப்பு) விளையாட்டாச் சொன்னா முழிச்சுக்கிறாங்க.

இன்னொரு விளையாட்டு, வேர்டில். ஜாஷ் வார்டில் என்ற மென்பொறியாளர், சொல் விளையாட்டுல ஆசை உள்ள தன் துணைவிக்காக உருவாக்கினது. 2021 அக்டோபர்ல எல்லாருக்கும் திறந்து விட்டார். 2022 ஜனவரியில நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை வாங்கிடுச்சு. நாம துணைவிக்குப் புடவை வாங்கிக் கொடுப்போம், அவர் புதிர் வாங்கிக் கொடுத்திருக்கார். (சிரிப்பு) அஞ்சு எழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு.

இதுல ஒரு கண்ணி இருக்கு, கவனமாக் கேளுங்க. ரெண்டு மூணு வாய்ப்புல கடைசி நாலு எழுத்து தெரிஞ்சு போச்சு. ஐ-ஜி-எச்-டி. இனி முதல் எழுத்துத்தான் பாக்கி, ஜெயிச்சாச்சுன்னு துள்ளுவோம். எண்ணிப் பாருங்க. லைட், நைட், ரைட், சைட், டைட், ஃபைட், மைட். ஏழாச்சு. எண்ணைக் குறிக்கிற எய்ட்டும் அதே நாலெழுத்துலதான் முடியுது. எட்டு! இருக்கிறது மூணு வாய்ப்பு. ஒவ்வொண்ணாப் போட்டா தோத்துப் போவோம். கெட்டிக்காரன் என்ன பண்ணுவான் தெரியுமா? ஃபிலிம்ஸ்னு போடுவான். எஃப், ஐ, எல், எம், எஸ். அது விடையா இருக்கவே முடியாது, அவனுக்கே தெரியும். ஆனா ஃபைட்டோட எஃப், லைட்டோட எல், மைட்டோட எம், சைட்டோட எஸ், நாலு சந்தேகத்தையும் ஒரே வாய்ப்புல விசாரிச்சுட்டான்! ஜெயிக்கிறதுக்காக ஒரு வாய்ப்பைத் தெரிஞ்சே தோற்கிறான். வாழ்க்கையில எத்தனை இடத்துல உதவும் இந்தப் புத்தி! கருவியைத் தட்டினவனுக்கு எட்டுச் சொல் வரிசையா வந்து விழும். இந்தப் புத்தி விழுமா? (பலத்த கைதட்டல்)

எதிரணியின் பெரிய ஆயுதம், நைஜல் ரிச்சர்ட்ஸ். “நியூசிலாந்துக்காரர். பிரெஞ்சு பேசத் தெரியாது. பிரெஞ்சு அகராதியை ஒன்பது வாரத்துல மனப்பாடம் பண்ணி 2015-ல பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை ஜெயிச்சார். 2024-ல ஸ்பானிஷ் பட்டத்தையும் ஜெயிச்சார். பொருள் தெரியாமலே ஜெயிக்கலாம்னா, கருவி மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”ன்னு கேட்டாங்க. தகவல் சரி, மறுக்கலை. ஆனா அந்த மேடையில அவர் கையில செல்போன் இல்லையே! அத்தனை ஆயிரம் சொல்லையும் நெஞ்சுல சுமந்துக்கிட்டுப் போய் உட்கார்ந்தார். சுமந்தவனுக்கும் வாடகை வண்டி பிடிச்சவனுக்கும் வித்தியாசம் இல்லையா?

அந்தக் கருவி என்ன பண்ணுது? நீங்க கொடுத்த எழுத்துகளை ஏ, பி, சி, டி வரிசையில அடுக்கும். அதே அடுக்கு உள்ள சொல்லெல்லாம் ஒரே பெட்டியில இருக்கும், எடுத்து நீட்டும். லிஸன்னு ஒரு சொல், காதுகொடுத்துக் கேள்னு அர்த்தம். சைலன்ட்னு ஒரு சொல், பேசாம இருன்னு அர்த்தம். ரெண்டுக்கும் அதே ஆறு எழுத்து. கருவிக்கு ரெண்டும் ஒரே பெட்டி, அவ்வளவுதான். பேசாம இருந்தாத்தான் கேட்க முடியும்ங்கிறது மனுஷனுக்குத்தான் தோணும். (கைதட்டல்) என் வீட்ல இதை அனுபவபூர்வமாக் கத்துக்கிட்டேன். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் வாதம். இனி ஒரு வாக்குமூலம்.

2023-ல ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில சொல் போட்டி. நான் நடுவர். ஏழு எழுத்து கொடுப்போம், ரெண்டு நிமிஷத்துல சொல் கட்டணும். ஒரு பொண்ணு, முதலாமாண்டு, துப்பட்டாவுக்குள்ள செல்போனை வச்சுப் பார்த்து எழுதினா. பார்த்துட்டேன். ஒலிபெருக்கி என் கையில இருந்துச்சு. “என்னம்மா, சொந்தமா வராதா? உட்காரு”ன்னேன். அரங்கமே சிரிச்சுது.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிஞ்ச சிரிப்பு. 1987-ல கேட்ட அதே சிரிப்பு. “உட்காரு”ன்னு சொன்ன வாய்தான் இந்தத் தடவை என்னோடது.

விழா முடிஞ்சதும் அந்தப் பொண்ணைத் தேடிப் போனேன். படிக்கட்டுல உட்கார்ந்திருந்தா. “தப்பு என்னோடதும்தாம்மா”ன்னேன். நிமிர்ந்து பார்த்துச் சொன்னா: “பார்த்து எழுதினது தப்புத்தான் சார். ஆனா மத்தவங்க எல்லாம் அவங்க வீட்ல கேட்டுக் கேட்டு எடுத்துட்டு வந்த சொல்லு. எங்க வீட்ல எந்த மூலையில தேடினாலும் இங்கிலீஷ்ல ஒரு சொல் கிடையாது சார். அதான் போன்ல தேடினேன்.”

முப்பது வருஷமா மேடையில பேசுறேன். அதுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரலை.

ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: “கருவியைத் தூக்கிப் போடாதேம்மா. ஆட்டம் முடியறவரைக்கும் உன் தலையில தேடு. கிடைக்கலையா, தோத்துப் போ. தோத்த பிறகு கருவியைப் பாரு. பார்த்த சொல்லை அங்கேயே விட்டுடாதே. அகராதியில அதோட பொருளையும், அது எந்த ஊர்லேர்ந்து வந்ததுங்கிறதையும் பார்த்து ஒரு நோட்டுல எழுதி வை.”

எட்டு மாசம் கழிச்சு ஒருநாள் ராத்திரி போன். குரல்ல மூச்சு வாங்குது. “சார், இன்னைக்கு ஒரு ஆட்டத்துல சி, எச், ஈ, ஆர், ஓ, ஓ, டி வந்துச்சு. எனக்குக் கிடைக்கலை, தோத்துட்டேன். அப்புறம் பார்த்தேன். ஏழு எழுத்தையும் ஒண்ணா இறக்கலாம் சார், அம்பது புள்ளி கூடுதல்! செரூட்னு ஒரு சொல். அகராதியில பார்த்தா, தமிழ்லேர்ந்து வந்ததுன்னு போட்டிருக்கு. சுருட்டு சார்! எங்க தாத்தா உறையூர்ல நாற்பது வருஷம் சுருட்டு சுத்தினவரு!” கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் சொன்னா: “எங்க வீட்லயே ஒரு சொல் இருந்திருக்கு சார்.” (நீண்ட கைதட்டல்)

அந்தப் பொண்ணுக்கு நான் ஒண்ணு சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். 1887-ல வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, குற்றவாளி புகைத்தது திருச்சிச் சுருட்டுன்னு சாம்பலைப் பார்த்தே கண்டுபிடிப்பார் ஹோம்ஸ். அந்தத் தாத்தாவோட ஊர்ச் சுருட்டு அப்பவே லண்டன் கதைக்குள்ள போயிருக்கு. கட்டுமரம் கேட்டமரன் ஆகிப் போயிருக்கு. மிளகுத்தண்ணி முல்லிகடானி ஆகிப் போயிருக்கு, பன்னிரண்டு எழுத்து! நம்ம ஆள்கள் எப்பவோ உள்ளே போய் உட்கார்ந்துட்டாங்க. நாமதான் இன்னும் வாசல்ல நின்னு, “எனக்கு இங்கிலீஷ் வராது”ன்னு நடுங்கிக்கிட்டிருக்கோம். (கைதட்டல்)

எதிரணி நண்பர்கள் உடனே எழுந்திரிப்பாங்க. “பார்த்தீங்களா, சுருட்டைக் காட்டிக் கொடுத்தது கருவிதானே?”ன்னு. ஆமாய்யா, ஒத்துக்கிறேன். காட்டினது கருவிதான். ஆனா அவ முதல்ல தன் தலையில தேடித் தேடித் தோத்துப் போனா பாருங்க, அந்தத் தோல்விதான் சொல்லுக்கு ஒரு பசியை உண்டாக்குச்சு. பசிச்சவனுக்குச் சோறு போட்டா உடம்புல ஒட்டும். பசிக்காதவன் வாயில திணிச்சா வாந்திதான் வரும். கருவி காட்டினது வெறும் ஏழு எழுத்து. அதுக்கு மேல ஒரு படி ஏறி அகராதியைத் திறந்ததாலதான் அதுக்குள்ள தாத்தா கிடைச்சார்.

ஆகவே நடுவர் அவர்களே, தேடுறதுக்கு முன்னால வந்து நிக்கிற கருவி கெடுக்குது, கெடுக்குது, கெடுக்குதுன்னு மூணு தரம் சொல்றேன். தேடி ஓய்ஞ்ச பிறகு வந்தா, ஒரு ஓரமா உட்கார்ந்துட்டுப் போகட்டும். பெற்றோர்களே, பிள்ளை ஒரு சொல்லுக்குத் திணறும்போது உடனே எடுத்துக் கொடுக்காதீங்க, சிரிக்கவும் சிரிக்காதீங்க. ரெண்டு நிமிஷம் தேட விடுங்க. என்னை மாதிரி ஒலிபெருக்கி பிடிச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா, “உட்காரு”ன்னு சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் யோசிங்க.

தேடிக் கிடைத்த சொல்லே செல்வம் என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)